எப்வேர்த் இல்லமும் பிள்ளைகளின் ஜெபமும்

இங்கிலாந்தின் கிழக்குப் பாகத்திலே, லிங்கன்ஷயர் என்னும் பிரிவின் வடக்கெல்லையில், தாழ்ந்த சதுப்பு நிலங்களுக்கிடையே எப்வேர்த் என்னும் சிற்றூர் உளது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வூர்த் தேவாலயத்துக்குக் குருவாக வந்தவர் சாமுவேல் வெஸ்லி என்பவர். அவருடைய மனைவியார் சுசன்னா. 1669ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரிற் பிறந்த இவ்வம்மையார் பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்றார். அவர்களுள் ஒன்பது பேர் குழந்தைப் பருவத்திலேயே மறைந்தனர். எஞ்சிய பதின்மருள் இருவர் பிற்காலத்தில் உலகறிந்த பெரியார்களாயினர். ஒருவர் மெதடிஸ்த இயக்கத்தைத் தோற்றுவித்த யோன் வெஸ்லி; மற்றவர் ஆயிரக்கணக்கான ஞானப்பாட்டுகளை இயற்றிய சாள்ஸ் வெஸ்லி. இவ்விருவரும் ஜெபிக்கக் கற்ற இடம் எப்வேர்த் குருமனையே.

குடும்பமாகக் கூடி இறைவனை வழிபடும் கிறிஸ்தவ இல்லம் ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி எழுவதுண்டு. பிள்ளை அஞ்சுகிறது; அழுகிறது; உடன்பிறந்தாரோடு சினந்துகொள்கிறது; காரணமின்றியே களிக்கிறது. இவ்வுணர்ச்சிகளை அடக்கிய பின்னரே பிள்ளை ஜெபத்துக்கு வரவேண்டுமா? அன்றி, அவற்றைச் சுமந்தபடியே இறைவன் திருமுன் வரலாமா? இக்கேள்விக்கு எப்வேர்த் இல்லம் இருவகை விடை தந்தது. அவ்விரண்டையும் ஒருங்கே நோக்குவதே அந்த இல்லத்தின் வரலாற்றை நேர்மையாக நோக்குவதாகும்.

குடும்ப வழிபாடு சுசன்னா அம்மையார் புதிதாகக் கண்டதொன்றன்று. சமயச் சீர்திருத்தத்தின் பின்னர், வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்குக் குருவைப் போன்றவன் என்னும் கருத்துப் புரட்டஸ்தாந்த நாடுகளில் வேரூன்றியிருந்தது. ஸ்கொத்லாந்துத் திருச்சபையின் பொதுமன்றம் 1647ஆம் ஆண்டிலே குடும்ப வழிபாட்டுக்கென ஒழுங்குவிதி யொன்றை ஏற்று வெளியிட்டது. வழிபாட்டை நடத்தாது அசட்டை செய்யும் வீட்டுத் தலைவனைக் கண்டிக்கவும், அவன் திருந்தானாயின் திருவிருந்திலிருந்து விலக்கிவைக்கவும் அவ்விதி இடமளித்தது. சுசன்னாவின் தந்தையாராகிய சாமுவேல் அன்னெஸ்லி இங்கிலாந்தின் அரச திருச்சபையினின்றும் பிரிந்து நின்ற போதகர்களுள் முதன்மையானவர். அவ்வீட்டிலே வளர்ந்த பெண் இளமையிலேயே தன் சொந்த ஆராய்ச்சியினால் அரச திருச்சபையைச் சார்ந்தாள். சபை மாறினும் தந்தை வீட்டு ஒழுங்கு அவளை விட்டு நீங்கவில்லை.

எப்வேர்த்தில் அவருக்குக் காத்திருந்தது அமைதியான வாழ்வன்று. குடும்ப ஜெபமே ஒருமுறை பிணக்குக்குக் காரணமாயிற்று. அக்காலத்து அரசராகிய மூன்றாம் வில்லியத்தை உரிமையுள்ள அரசரென அம்மையார் மனத்தால் ஏற்றிலர். ஆகவே கணவர் அரசருக்காக ஜெபித்தபோது ஆமென் கூறாது வாளாவிருந்தார். இதனைக் கண்ட கணவர் வெகுண்டு, சில மாதங்கள் வீட்டைவிட்டு நீங்கியிருந்தார். 1702ஆம் ஆண்டில் அரசர் இறந்தார். அவ்வாண்டிலேயே கணவனும் மனைவியும் மீண்டும் ஒன்றாயினர். அடுத்த ஆண்டிலே யோன் பிறந்தார். 1705ஆம் ஆண்டிலே சாமுவேல் வெஸ்லி கடனுக்காக லிங்கன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். ஊராரிற் பலர் அவரைப் பகைத்தனர். வறுமை, பகை, பிள்ளைகளின் மரணம் ஆகிய மூன்றும் அந்த வீட்டுக்கு அந்நியமல்ல.

1709ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 9ஆம் நாள் நள்ளிரவிலே குருமனை தீப்பற்றியது. பிள்ளைகள் தூக்கத்தினின்றும் எழுப்பி வெளியே கொணரப்பட்டனர். ஐந்து வயதுச் சிறுவனாகிய யோன் மாத்திரம் மேல்மாடியில் அகப்பட்டுக்கொண்டான். பேழையொன்றின்மேல் ஏறிச் சாளரத்திலே நின்ற சிறுவனை ஊரவர் கண்டனர். ஏணி கொணர நேரமில்லை. ஒருவர் தோள்மீது ஒருவர் ஏறி அவனை எட்டிப் பிடித்தனர். அவனை இறக்கிய சற்று நேரத்தில் கூரை சரிந்து வீழ்ந்தது. அவ்வேளையில் தந்தையார் அயலவரை அழைத்து, முழந்தாளிட்டு இறைவனுக்கு நன்றி செலுத்துவோம் என்றார். எட்டுப் பிள்ளைகளையும் இறைவன் தந்துவிட்டமையால் வீடு போனாற் போகட்டும் என்றார். எரியும் வீட்டின் முன்னே, நடுங்கும் பிள்ளைகளைச் சூழ நிறுத்திச் செய்த அந்த ஜெபம் எந்த நூலிலிருந்தும் வாசிக்கப்பட்டதன்று. அச்சமும் நன்றியும் ஒரே நேரத்தில் இறைவனிடம் செல்லக்கூடும் என்பதைப் பிள்ளைகள் அன்று கண்ணாரக் கண்டனர். யோன் வெஸ்லி தம் வாழ்நாள் முழுவதும் அவ்விரவை மறந்தாரல்லர். நெருப்பினின்றும் பறித்தெடுக்கப்பட்ட கொள்ளியெனத் தம்மைக் கூறிக்கொண்டார்.

தீயின் பின்னர்க் குடும்பம் சிதறியது. புதிய மனை எழும்பும்வரை பிள்ளைகள் பல வீடுகளிலே தங்க நேர்ந்தது. அக்காலத்திலே, 1710ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தன் பெயர் தாங்கிய மகளாகிய சுசன்னாவுக்கு அன்னை நீண்ட கடிதமொன்று எழுதினார். அப்போஸ்தலரின் விசுவாசப் பிரமாணத்துக்குத் தாம் எழுதிய விளக்கத்தை அக்கடிதத்தில் அனுப்பினார். பிரிந்திருக்கும் பிள்ளைக்குத் தாய் அனுப்பக்கூடிய செல்வம் அதுவேயென அவர் கருதினார் போலும்.

மீண்டும் ஒரே கூரையின்கீழ்க் கூடியபோது, பிள்ளைகள் அயல் வீடுகளிலே பழகிய குணங்கள் அன்னைக்கு வருத்தந் தந்தன. எனவே அவர் வீட்டொழுங்கைப் புதிதாக அமைத்தார். 1732ஆம் ஆண்டிலே மகன் யோன் வேண்டிக்கொண்டபடி எழுதிய கடிதத்தில் அந்த ஒழுங்கை அவரே விரித்துரைத்துள்ளார். வீட்டுப் பாடசாலை சங்கீதம் பாடித் தொடங்கிச் சங்கீதம் பாடி முடிந்தது. மாலை ஐந்து மணிக்கு எல்லோரும் தனித்தனி இடங்களுக்கு ஒதுங்கினர். மூத்த பிள்ளை பேசத்தெரிந்த கடைசிப் பிள்ளையை அழைத்துக்கொள்ளும். இரண்டாம் பிள்ளை அதற்கு மேற்பட்டதை அழைத்துக்கொள்ளும். இவ்வாறு இருவர் இருவராக அமர்ந்து, அந்நாளுக்குரிய சங்கீதங்களையும் புதிய ஏற்பாட்டில் ஓர் அதிகாரத்தையும் பெரியவர் சிறியவருக்கு வாசித்தனர். காலையிலே சங்கீதங்களோடு பழைய ஏற்பாட்டு அதிகாரம் வாசித்துத் தனி ஜெபத்துக்குச் சென்றனர்.

இவ்வொழுங்கில் இரண்டு சிறப்புகள் உள. முதலாவது, சிறு பிள்ளைக்கு அருகில் அமர்ந்தவர் ஆசிரியருமல்லர், போதகருமல்லர். அதன் அக்காளோ அண்ணனோ ஆவர். நேற்று அதே அச்சத்தை அறிந்தவர், இன்று அதே தவற்றிற்குக் கண்டிக்கப்பட்டவர் பக்கத்தில் இருக்கிறார். இரண்டாவது, வாசிக்கப்பட்டவை சங்கீதங்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் பொது ஜெபநூல் நூற்றைம்பது சங்கீதங்களையும் முப்பது நாட்களுக்கு, காலை மாலை என அறுபது பகுதிகளாகப் பிரித்துள்ளது. அந்நாளுக்குரிய சங்கீதங்களை ஒழுங்காக வாசிக்கும் பிள்ளை திங்கள்தோறும் சங்கீத நூல் முழுவதையும் கடந்து செல்லும். பெரியோர் பிள்ளைகளுக்கெனத் தெரிந்தெடுக்கும் இனிய பகுதிகள் மாத்திரமல்ல, கசப்பான பகுதிகளும் அதன் வாயில் வரும்.

சங்கீதங்களுள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு முறையீடுகளே. இறைவன் ஏன் மறைந்திருக்கிறார் என்று கேட்பவை உள. பகைவர்மேற் சினங்கொண்டு கதறுபவை உள. எண்பத்தெட்டாம் சங்கீதம் இருளிலே தொடங்கி, ஆறுதல் எதுவுமின்றி இருளிலேயே முடிகிறது. திங்களின் நான்காம் நாள் மாலைக்கு ஜெபநூல் குறித்தவை இருபத்திரண்டாம், இருபத்துமூன்றாம் சங்கீதங்கள். முன்னது கைவிடப்பட்டவனின் ஓலம். பின்னது மேய்ப்பனை நம்பியிருக்கும் ஆட்டின் அமைதி. இரண்டும் ஒரே மாலையில், ஒன்றன்பின் ஒன்றாகப் பிள்ளையின் செவியில் விழுகின்றன. ஓலமிடுதல் விசுவாசக் குறைவன்று, விசுவாசமுள்ளவரும் ஓலமிடுவர் என்பதை இதனைக்காட்டிலும் எளிதாகக் கற்பிக்கும் பாடம் வேறில்லை. தன் துயருக்குச் சொற்கள் அறியாத பிள்ளைக்குச் சங்கீதம் சொற்களைக் கடனாகக் கொடுக்கிறது.

எப்வேர்த் இல்லத்தின் மிகச் சிறந்த வழக்கம் இதன் பின்னரே தோன்றியது. அதன் ஊற்று இங்கிலாந்தில் இல்லை; தமிழ் வழங்கும் சோழமண்டலக் கரையிலே உளது. டென்மார்க்கு அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய சீகன்பால்க், புளூட்சோ என்னும் ஜெர்மானிய இளைஞர் இருவர் 1706ஆம் ஆண்டு யூலை மாதம் 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தனர். சீகன்பால்க் தமிழ்ப் பிள்ளைகளோடு தாமும் தரையிலமர்ந்து, மணலிலே விரலால் எழுத்தெழுதித் தமிழ் கற்றார். அவர்கள் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் 1709ஆம் ஆண்டிலே ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தன. அந்நூல் சாமுவேல் வெஸ்லியின் நூலறையைச் சேர்ந்தது.

1711ஆம் ஆண்டின் இறுதியிலே திருச்சபை மன்றக் கூட்டத்துக்காகக் கணவர் இலண்டன் சென்றிருந்தார். மூத்த மகள் எமிலியா தந்தையின் அறையில் அந்நூலைக் கண்டெடுத்து அன்னைக்கு வாசித்துக் காட்டினாள். அதைக் கேட்ட அம்மையார் உள்ளம் நெகிழ்ந்தார். அன்றைய மாலைப்பொழுதின் பெரும்பகுதியை இறைவனைத் துதிப்பதிலே கழித்தார். தாம் ஆணுமல்லர், குருவுமல்லர்; எனினும் தம்மாற் செய்யக்கூடியது ஏதேனும் உண்டோவென ஆராய்ந்தார். முதலில் தம் பிள்ளைகளிடமிருந்தே தொடங்கத் துணிந்தார். 1712ஆம் ஆண்டு பெப்ரவரியிலே கணவருக்கு எழுதிய கடிதத்தில் தாம் வகுத்த முறையைத் தெரிவித்தார்.

அம்முறை மிக எளியது. ஒவ்வோர் இரவும் ஒரு பிள்ளையைத் தனியே அழைத்து அதனோடு உரையாடுவதே அது. திங்கட்கிழமை மேரிக்கு, செவ்வாய் மெஹெட்டபெல்லுக்கு, புதன் ஆனுக்கு, வியாழன் யோனுக்கு, வெள்ளி மார்த்தாவுக்கு, சனி சாள்ஸுக்கு, ஞாயிறு எமிலியாவுக்கும் சுசன்னாவுக்கும். அவ்வேளை யோனுக்கு எட்டு வயது, சாள்ஸுக்கு நான்கு. பொதுவான குடும்ப ஜெபத்திலே எட்டுப் பிள்ளைகளுள் ஒன்றாக நிற்கும் பிள்ளை, தனக்குரிய நாளிலே தாயின் முழுக் கவனத்தையும் பெற்றது. கூட்டத்தில் வாய்திறவாத பிள்ளையும் தனிமையில் வாய்திறக்கும். தன் முறை வருமென்று அறிந்த பிள்ளை தன் துயரை ஒரு கிழமை சுமக்கவும் கற்றுக்கொள்ளும். அம்மாரிகாலத்தில் ஞாயிறு மாலைகளிலே அம்மையார் தம் வீட்டாருக்கு நடத்திய ஜெபத்தில் அயலவரும் வந்து சேர, இருநூறுக்கு மேற்பட்டோர் கூடினர். அதனைக் கண்டித்தோர் பலர். ஆயினும் கிழமை நாட்களில் மூடிய கதவினுள்ளே நிகழ்ந்த அந்த உரையாடல்களே நெடுங்காலப் பயன் தந்தன.

இதற்குச் சான்று யோன் வெஸ்லியே. 1732ஆம் ஆண்டிலே, ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த அவர் அன்னைக்குக் கடிதம் எழுதினார். முன்னாளில் தமக்கென ஒதுக்கிய வியாழன் மாலையின் ஒரு சிறு பகுதியை இன்னும் ஒருமுறை தமக்காக ஒதுக்கவேண்டுமென அதிலே வேண்டினார். அந்நாளில் அவ்வேளை தம் அறிவை உருவாக்க உதவியதுபோல, இந்நாளில் தம் உள்ளத்தைத் திருத்த உதவுமென்று கூறினார். இருபது ஆண்டுகள் சென்றும், கற்றறிந்த ஒரு மனிதர் தம் உள்ளக் கலக்கத்தோடு தேடிச் சென்றது தாயின் அந்த வியாழன் மாலையையே.

அதே 1732ஆம் ஆண்டுக் கடிதங்கள் மற்றொரு முகத்தையும் காட்டுகின்றன. பிள்ளையின் மனவிருப்பை முதலில் வென்று அடக்கவேண்டும் என்பது அம்மையாரின் கொள்கை. ஒரு வயது நிறைந்ததும், சிலவேளை அதற்கு முன்னரும், பிள்ளைகள் பிரம்புக்கு அஞ்சவும், சத்தமின்றி அழவும் பழக்கப்பட்டனர். பிள்ளைகளின் அழுகுரல் அவ்வீட்டிற் கேட்பது அரிது என்று அவர் பெருமையாக எழுதியுள்ளார். அக்காலத்துச் சமயப் பெற்றோர் பலரது எண்ணமும் இதுவே. மனித இயல்பு பாவத்தால் கெட்டது. அடங்காத விருப்பமே அக்கேட்டின் வேர். ஆகவே அதனை இளமையிலேயே ஒடிப்பது அன்பின் கடமை என அவர்கள் நம்பினர். இக்கடுமைக்கிடையிலும் அம்மையார் ஒரு வாயிலைத் திறந்து வைத்தார். தவறு செய்த பிள்ளை தானே வந்து உண்மையைச் சொல்லித் திருந்துவதாக வாக்களித்தால் அடி இல்லை. ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டனையும் இல்லை. அச்சத்தினால் எழும் பொய்யை இவ்விதி தடுத்தது. ஆயினும் சங்கீதத்திலே உரக்க அழக் கற்ற பிள்ளை, தொட்டிலிலே மெல்ல அழப் பழகியதாயிருந்தது என்பதை மறைத்தலாகாது.

இம்முரண்பாட்டின் விலையைச் செலுத்தியவள் செவ்வாய்க்கிழமைக்குரிய மகளாகிய மெஹெட்டபெல். ஹெட்டி என்று அழைக்கப்பட்ட இப்பெண் உடன்பிறந்தார் யாவரினும் கூரிய அறிவும் கவித்திறனும் உடையவள். 1725ஆம் ஆண்டிலே காதலன் ஒருவனை நம்பி வீட்டைவிட்டுச் சென்று, அவனால் வஞ்சிக்கப்பட்டுத் திரும்பினாள். தந்தையார் அவளை ஏற்றிலர். ஈயவேலை செய்யும் வில்லியம் றைட் என்பவனுக்கு அவள் அவசரமாக மணஞ்செய்து வைக்கப்பட்டாள். மன்னிப்பு வேண்டி அவள் தந்தைக்கு எழுதிய கடிதங்கள் அவர் உள்ளத்தை இளக்கவில்லை. அன்னையும் அவளுக்கு ஆதரவாக நின்றிலர். 1726ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே யோன், தவறியோர்மீது காட்டவேண்டிய அன்பைக் குறித்துத் தந்தையின் ஆலயத்திலேயே பிரசங்கித்தார். அது தமக்குரிய கண்டனமெனத் தந்தையார் மனம் நொந்தார். ஹெட்டியின் குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. பிறந்து இரண்டாம் நாளிலே இறக்கும் குழந்தையைப் பார்த்து அவள் பாடிய கவிதை இன்றும் ஆங்கில இலக்கியத் தொகுப்புகளில் இடம்பெறுகிறது. தாயின் அறையில் இடங்கிடையாத அத்துயர் கவிதையிலே இடந்தேடியது. எட்டு வயதுப் பிள்ளையின் கண்ணீருக்கு நேரம் ஒதுக்கிய வீடு, இருபத்தெட்டு வயது மகளின் கண்ணீருக்குக் கதவடைத்தது.

இவ்விரு மரபுகளும் பிள்ளைகள் வழியாகத் தொடர்ந்தன. யோன் வெஸ்லி 1748ஆம் ஆண்டிலே கிங்ஸ்வூட் என்னுமிடத்தில் அமைத்த பாடசாலையில் மாணவர் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்தனர்; விளையாட்டுக்கென எந்நாளிலும் நேரம் ஒதுக்கப்படவில்லை. இது பிரம்பின் மரபு. தம்பியாகிய சாள்ஸோ 1763ஆம் ஆண்டிலே சிறுவர்க்கென ஞானப்பாட்டுத் தொகுதியொன்றை வெளியிட்டார். பிள்ளைகள் தம் வாயாற் பாடி இறைவனை அணுகுவதற்கு அத்தொகுதி வழிசெய்தது. இது மாலை ஐந்து மணியின் மரபு.

தரங்கம்பாடியிலிருந்து எப்வேர்த்துக்குச் சென்ற தூண்டுதல் நூறாண்டுகள் கழித்துத் தமிழரிடம் திரும்பி வந்தது. 1814ஆம் ஆண்டு யூன் மாத இறுதியிலே மெதடிஸ்த மிஷனரிமார் காலியில் வந்திறங்கினர். அவர்களை அழைத்துவந்த தோமஸ் கோக் என்பார் வழியிலேயே கப்பலில் இறந்துபோனார். லிஞ்ச், ஸ்குவான்ஸ் என்னும் இருவர் யாழ்ப்பாணத்துக்கும், வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கும் சென்றனர். ஓல்ட் அடுத்த ஆண்டிலேயே மட்டக்களப்பில் உயிர்நீத்தார். சங்கீதங்களைத் தமிழில் வாசிக்கும் வழி அதற்கு முன்னரே திறந்திருந்தது. சீகன்பால்க் பழைய ஏற்பாட்டை ரூத் என்னும் நூல் வரை மொழிபெயர்த்து 1719ஆம் ஆண்டில் மறைந்தார். எஞ்சியதை சூல்ட்சே என்பார் முடித்தார். பின்னர் யாழ்ப்பாணத்திலே மெதடிஸ்த மிஷனரியாகிய பேர்சிவல் பாதிரியார் புதிய மொழிபெயர்ப்பை மேற்கொண்டார். அதற்குத் துணைநின்றவர் சைவப் பெரியாராகிய ஆறுமுக நாவலர். அம்மொழிபெயர்ப்பு 1850ஆம் ஆண்டிலே வெளிவந்தது. சமயத்தால் வேறுபட்ட இருவர் ஒரே மேசையிலிருந்து உழைத்தமையால், இறைவனை நோக்கி முறையிடும் சொற்கள் செம்மையான தமிழில் அமைந்தன.

எப்வேர்த் வரலாறு இக்காலப் பெற்றோருக்கு உணர்த்துவது யாது? குடும்ப ஜெபத்திலே மகிழ்ச்சியான பகுதிகளை மாத்திரம் வாசித்தல் போதாது. துயரின் சங்கீதமும் பிள்ளையின் காதில் விழவேண்டும். ஜெபிக்குமுன் கண்ணைத் துடைத்துக்கொள் என்று பிள்ளைக்குக் கட்டளையிடுவதிலும், கண்ணீரோடு வா என்று அழைப்பது மேலானது. பல பிள்ளைகள் உள்ள வீட்டிலே ஒவ்வொன்றுக்கும் தனியே கால்மணி நேரமேனும் கிடைக்கவேண்டும். எட்டுப் பிள்ளைகளையும் வறுமையையும் சுமந்த தாயார் அதற்கு நேரங் கண்டார். யாவற்றினும் மேலாக, பிள்ளைக்குத் திறந்த கதவு அப்பிள்ளை வளர்ந்து தவறிய நாளிலும் திறந்திருக்கவேண்டும். அதனைச் செய்யத் தவறியதே அந்நல்ல இல்லத்தின் பெருங்குறை.

1742ஆம் ஆண்டு யூலை மாதத்திலே சுசன்னா அம்மையார் இலண்டனில் இறந்தார். மகன் யோனும் புதல்வியரும் படுக்கையைச் சூழ நின்றனர். தம் உயிர் பிரிந்தவுடன் இறைவனைத் துதிக்கும் சங்கீதமொன்றைப் பாடுமாறு, பேச்சு அடங்குமுன் அவர் பிள்ளைகளிடம் கேட்டிருந்தார். அவர் கேட்டபடியே அவர்கள் நின்று பாடினர். அழுகையின் நடுவே துதி பாடுதல் எளிதன்று. ஆயினும் ஒவ்வொரு நாளும் மாலை ஐந்து மணிக்கு அவர் அவர்களுக்குக் கற்பித்த பாடம் அதுவே.